ஒரே பந்து, பதினேழு ஆண்டுகள்: மரியானோ ரிவேரா பற்றிய நிகழ்வு ஆய்வு

1995 மே 23 அன்று கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் மைதானத்தில், நியூயார்க் யாங்கீஸ் சீருடையில் முதல் முறையாகப் பந்தெறி மேட்டில் ஏறிய 25 வயதுப் பனாமா இளைஞர் ஒருவர், நான்காவது இன்னிங்ஸ் முடிவதற்குள் 5 ரன்களைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். யாங்கீஸ் அன்று 10-0 என்று தோற்றது. அந்த ஆண்டில் அவர் 10 ஆட்டங்களைத் தொடக்கப் பந்தெறிவாளராகத் தொடங்கினார். ஆண்டு முடிவில் அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது களத்தடுப்பாளர்களின் பிழையால் விழுந்தவை நீங்கலாக 9 இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாகக் கொடுத்த ரன்கள், 5.51 என்று நின்றது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இது ஒருவரை ஊருக்கு அனுப்பிவைக்கப் போதுமான எண். அதன்பின் 18 ஆண்டுகள் விளையாடியும் அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. ஆனால் 2019 ஜனவரியில் பேஸ்பால் புகழ் மன்றத்துக்கான வாக்கெடுப்பில் வாக்களித்த 425 பத்திரிகையாளர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் அவர் பெயரைக் குறித்தார்கள். பேப் ரூத்துக்கும் வில்லி மேஸுக்கும் ஹேங்க் ஆரோனுக்கும் கிடைக்காத ஒருமித்த வாக்கு அது.

அவர் பெயர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தைத் தொடங்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர், ஆட்டத்தை முடிக்கும் வேலையில் எவரும் எட்டாத உயரத்துக்கு எப்படிப் போனார் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. விடையாகப் பலரும் அவர் எறிந்த ஒரு குறிப்பிட்ட பந்தைக் காட்டுவார்கள். அந்த விடை பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மற்றப் பாதியைக் காண, அவர் வென்ற நூற்றுக்கணக்கான இரவுகளைவிடத் தோற்ற சில இரவுகளையே நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முடித்துக்கொடுக்கும் வேலை

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இந்த வேலையைச் சற்று விளக்கியாக வேண்டும். பேஸ்பாலில் ஓர் ஆட்டம் 9 இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஒவ்வோர் அணியும் 3 அவுட் ஆகும்வரை மட்டை பிடிக்கும். மட்டையாளர் பேஸ் எனப்படும் மூன்று நிலைகளையும் வரிசையாகக் கடந்து, தொடங்கிய இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். தொடக்கப் பந்தெறிவாளர், அதாவது ஸ்டார்ட்டர், 5, 6 அல்லது 7 இன்னிங்ஸ் எறிந்து களைத்தபின் அவருக்குப் பதிலாக இறங்குபவரே ரிலீவர். ஒருமுறை வெளியேறியவர் திரும்ப வர முடியாது. ரிலீவர்களில் மிக நம்பகமான ஒருவரை, தன் அணி சிறிய முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸுக்கென்று ஒதுக்கிவைப்பார்கள், அவர்தான் குளோசர். 3 ரன்களுக்கு மேற்படாத முன்னிலையைக் கைநழுவவிடாமல் ஆட்டத்தை முடித்துக்கொடுத்தால் பொதுவாக அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ சேரும். சிகாகோவைச் சேர்ந்த விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் உருவாக்கிய இந்தக் கணக்கு 1969இல்தான் அதிகாரபூர்வமானது.

1970களில் ரோலி ஃபிங்கர்ஸ், கூஸ் காசேஜ் போன்ற ரிலீவர்கள் தேவைக்கேற்ப இரண்டு, மூன்று இன்னிங்ஸ்கூட எறிந்தார்கள். 1980களின் இறுதியில் ஓக்லாண்ட் அணியின் மேலாளர் டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் 9ஆவது இன்னிங்ஸுக்கு மட்டுமே பயன்படுத்தத் தொடங்கியபின் இந்த வேலை இன்றைய வடிவத்துக்குச் சுருங்கியது. சுருங்கியதால் எளிதாகிவிடவில்லை. ஸ்டார்ட்டர் முதல் இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்தால் அதை ஈடுகட்ட அவருக்கும் அணிக்கும் இன்னும் 8 இன்னிங்ஸ் இருக்கும். குளோசர் கொடுக்கும் ரன்னுக்கு அடுத்து எதுவும் இருக்காது. மூன்று மணி நேரம் சக வீரர்கள் சேர்த்துவைத்ததை அவர் பத்து நிமிடத்தில் தொலைத்துவிட முடியும். தொலைத்தால் மைதானத்தில் இருக்கும் ஐம்பதாயிரம் பேருக்கும் யார் தொலைத்தது என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரிலீவர்களில் பெரும்பாலோர் ஸ்டார்ட்டராக நிலைக்க முடியாமல் இங்கே வந்தவர்கள். ஸ்டார்ட்டர் ஒரே மட்டையாளரை ஓர் இரவில் மூன்று முறை சந்திப்பதால் அவருக்கு மூன்று, நான்கு வகைப் பந்துகள் தேவை. ஒன்றோ இரண்டோ மட்டும் கைவசம் உள்ளவருக்கு ரிலீவர் வேலையே கதி. ரிவேராவும் இந்த வழியாகத்தான் வந்தார்.

மீன்பிடி ஊர்

1969 நவம்பர் 29 அன்று பனாமா நகரில் பிறந்த ரிவேரா, பசிபிக் கரையில் உள்ள புவெர்த்தோ காய்மித்தோ என்ற மீன்பிடி ஊரில் வளர்ந்தார். தந்தை மீன்பிடிப் படகின் கேப்டன். கடல் உள்வாங்கிய நேரத்தில் கரை மணலில், பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி, மரக்கிளையை மட்டையாக்கி, கிழிந்த வலையைச் சுருட்டி ஒட்டிப் பந்தாக்கிச் சிறுவர்கள் ஆடிய ஆட்டமே அவருடைய முதல் பயிற்சி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவரும் படகேறினார். 19 வயதில், 120 டன் படகு ஒன்று கவிழும் நிலைக்குப் போய், அதைக் கைவிட்டு உயிர் தப்ப நேர்ந்தது. மீன்பிடி தொழில் தனக்கு வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தது அதன் பிறகுதான்.

அப்போதும் அவர் பந்தெறிவாளர் இல்லை. பனாமா ஓயெஸ்தே என்ற உள்ளூர் அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளராக ஆடிக்கொண்டிருந்தார். யாங்கீஸின் திறன் தேடுநர் ஹெர்ப் ரேபர்ன் 1988இல் அவரை அந்த இடத்தில் பார்த்துவிட்டு, தொழில்முறை அளவுக்குத் தேறமாட்டார் என்று விட்டுவிட்டவர். 1989இல் ஓர் ஆட்டத்தில் அணியின் பந்தெறிவாளர் நன்றாக அடிவாங்கிக்கொண்டிருக்க, நான் எறிகிறேன் என்று ரிவேரா முன்வந்தார். அந்த ஆட்டத்தை வைத்துச் சக வீரர்கள் யாங்கீஸுக்குத் தகவல் சொல்ல, அதே ரேபர்ன் வந்து மீண்டும் பார்த்தார். பந்தின் வேகம் மணிக்கு 85, 87 மைல்தான்; இளம் பந்தெறிவாளருக்கு அது சாதாரண வேகத்துக்கும் குறைவு. ஆனால் கை சிரமமின்றிச் சுழல்வதையும், எறிதல் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருப்பதையும் அவர் கவனித்தார். 1990 பிப்ரவரி 17 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கொடுக்கப்பட்ட முன்பணம் 3,000 டாலருக்கு மேற்படாது. இருபது வயது இளைஞர், ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாமல் ஃபுளோரிடா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த முதல் ஆண்டிலேயே, கடைநிலைத் தொடர் ஒன்றில் 52 இன்னிங்ஸ் எறிந்தார், அவர் கணக்கில் விழுந்தது ஒரே ஒரு ரன், ஈ.ஆர்.ஏ. 0.17. வேகம் இல்லாதவர் எப்படி இதைச் செய்தார் என்பதற்கு ஒரே விளக்கம், பந்து அவர் நினைத்த இடத்துக்குப் போனது என்பதுதான். பின்னாளில் உலகம் பேசப்போகும் பந்து கையில் வந்து சேர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. அந்தப் பந்தைத் தாங்கப்போகும் திறன் அப்போதே கையில் இருந்தது. இந்த ஆய்வின் மையப் புள்ளியாக நான் கருதுவது இதைத்தான்.

பலமுறை கைவிடப்பட இருந்தவர்

1992 ஆகஸ்டில் முழங்கைத் தசைநாரில் அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் செய்தவர், பந்தெறிவாளர்களின் முழங்கை மருத்துவத்தையே மாற்றியமைத்த ஃபிராங்க் ஜோப். அந்த ஆண்டின் இறுதியில் ஃபுளோரிடா மார்லின்ஸ், கொலராடோ ராக்கீஸ் என்ற இரு புதிய அணிகள், மற்ற அணிகள் பாதுகாத்துக்கொள்ளாத வீரர்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, யாங்கீஸ் ரிவேராவைப் பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கவில்லை. புதிய அணிகளும் அவரை எடுக்கவில்லை.

1995இல் முன்பு சொன்ன மோசமான தொடக்கத்துக்குப் பின் ஜூனில் கொலம்பஸ் நகரின் துணை அணிக்கு அனுப்பப்பட்டார். டெட்ராய்ட் அணியிடமிருந்து டேவிட் வெல்ஸைப் பெறுவதற்கு அவரை மாற்றிக்கொடுக்கலாமா என்று யாங்கீஸ் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது, மழையால் 5 இன்னிங்ஸோடு நின்ற ஓர் ஆட்டத்தில் ரிவேரா ஒரு ஹிட்டும், அதாவது மட்டையாளர் பேஸ் ஏறும்படியான ஓர் அடியும், கொடுக்கவில்லை என்பதோடு, அவர் பந்தின் வேகம் 95 மைலைத் தொட்டது என்ற அறிக்கையும் வந்தது. பொது மேலாளர் ஜீன் மைக்கேல் முதலில் அதை நம்பவில்லை. வேகக்கருவி பழுதாக இருக்கலாம் என்று எண்ணி வேறு வழியில் சரிபார்த்து, உண்மை என்று தெரிந்ததும் அந்தப் பேச்சை நிறுத்தினார். ஜூலை 4 அன்று ரிவேரா பெரிய அணிக்குத் திரும்பி, சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிராக 8 இன்னிங்ஸில் ரன் கொடுக்காமல் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது களத்தடுப்பாளர்களின் உதவியின்றித் தன் பந்தாலேயே அவுட் ஆக்கினார். திடீரென்று வேகம் கூடியதற்கு உறுதியான மருத்துவக் காரணம் எதையும் நான் முன்வைக்கப்போவதில்லை. ரிவேரா அதைக் கடவுள் அருள் என்றே கடைசிவரை சொல்லிவந்தார்.

அதோடும் ஆபத்து நீங்கவில்லை. 1996 பருவம் தொடங்குவதற்கு முன் அணிக்கு ஒரு ஷார்ட்ஸ்டாப் தேவைப்படலாம் என்ற அச்சத்தில், சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் ஃபெர்மினுக்காக ரிவேராவைக் கொடுத்துவிடும் பேச்சு எழுந்தது. டெரெக் ஜீட்டர் என்ற புதுமுகத்தின் மேல் நம்பிக்கை வைத்து அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. ஜீட்டரும் ரிவேராவும் அடுத்த 18 பருவங்கள் ஒரே அணியில் ஆடினார்கள் என்பதை நினைக்கும்போது, அந்த ஒரு முடிவின் கனம் விளங்கும்.

1996இல் மேலாளர் ஜோ டோரே அவருக்குச் சரியான இடத்தைக் கண்டார். குளோசர் ஜான் வெட்டலாண்ட் 9ஆவது இன்னிங்ஸை முடிப்பார். அதற்கு முந்தைய 7, 8ஆம் இன்னிங்ஸ்கள் ரிவேராவுடையவை. 107⅔ இன்னிங்ஸில் 130 ஸ்ட்ரைக் அவுட், 2.09 ஈ.ஆர்.ஏ. யாங்கீஸ் 6 இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்தால் எதிரணிக்கு ஆட்டம் அத்தோடு முடிந்தது என்ற நிலை உருவாயிற்று. அந்த ஆண்டு யாங்கீஸ் அட்லாண்டா பிரேவ்ஸை வென்று, ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரைக் கைப்பற்றியது. வெட்டலாண்ட் டெக்சாஸுக்குப் போக, 1997இல் குளோசர் பொறுப்பு ரிவேராவிடம் வந்தது.

வந்த வேகத்தில் தடுமாறினார். முதல் 6 சேவ் வாய்ப்புகளில் 3 கைநழுவின. டோரேயும் பந்தெறி பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் அவரை அழைத்து, நீங்கள்தான் எங்கள் குளோசர், அதில் மாற்றமில்லை, வேறொருவராக ஆக முயல வேண்டாம் என்ற பொருளில் பேசினார்கள். ஒரு மேலாளர் செய்த மிகச் சிறந்த காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிப்பேன். அன்றைய யாங்கீஸ் நிர்வாகம் பொறுமைக்குப் பெயர் பெற்றதல்ல.

கட்டர்

1997 ஜூனில் டெட்ராய்ட் மைதானத்தில், ஆட்டத்துக்கு முன் சக பந்தெறிவாளர் ராமிரோ மெண்டோசாவுடன் ரிவேரா சாதாரணமாகப் பந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். நேராக வர வேண்டிய பந்து கடைசி நேரத்தில் விலகியது. மெண்டோசா, விளையாடாதே என்று கடிந்துகொண்டார். ரிவேரா வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. அதன்பின் சில வாரங்கள் ஸ்டாட்டில்மயருடனும் புல்பென் கேட்சர், அதாவது ரிலீவர்கள் தயாராகும் இடத்தில் பந்து பிடிப்பவரான, மைக் போர்செல்லோவுடனும் சேர்ந்து அந்த விலகலைச் சரிசெய்யவே அவர் முயன்றார். பந்து நேராக மறுத்தது. பிறகுதான் அதை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

கட்டர் என்று பெயர் பெற்ற அந்தப் பந்து கிரிக்கெட்டின் லெக் கட்டருக்குத் தூரத்து உறவு. ஆனால் இது தரையில் பட்டுத் திரும்புவதில்லை, காற்றிலேயே திரும்புகிறது. வேகப்பந்துக்குரிய பிடியில் நடுவிரலின் அழுத்தம் சற்று ஒரு பக்கமாக விழும்போது பந்தின் சுழல் அச்சு சாய்கிறது. வலக்கையாளர் எறிந்தால் பந்து அவருடைய இடப்பக்கமாகச் சில அங்குலம் நகர்கிறது. சில அங்குலம் என்பது அற்பமாகத் தோன்றலாம். மட்டையில் பந்து சரியாகப் படும் பகுதியே சில அங்குல அகலம்தான். 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை வினாடிகூட ஆகாது. அதில் பாதி நேரத்துக்குள் அவர் வீசுவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட வேண்டும். ரிவேராவின் பந்து அந்த முடிவு எடுக்கப்பட்ட பிறகே விலகுவதுபோல் மட்டையாளர் கண்ணுக்குத் தோன்றியது.

பொதுவாக வலக்கைப் பந்தெறிவாளருக்கு எதிராக இடக்கை மட்டையாளருக்கே சாதகம். ரிவேரா அந்த விதியைத் தலைகீழாக்கினார். பந்து இடக்கை மட்டையாளரின் கைப்பிடியை நோக்கி உள்ளே பாய்ந்ததால் மட்டைகள் முறிந்தன. இரு கையாலும் ஆடக்கூடியவர்கள்கூட அவருக்கு எதிராக வலக்கையாக நின்று பார்த்தார்கள். 1999 உலகத் தொடரின் 4ஆவது ஆட்டத்தில் பிரேவ்ஸ் அணியின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை மட்டை பிடிக்க வந்து மூன்று மட்டைகளை முறித்துக்கொண்டார். 2013இல் விடைபெறும் பயணத்தில் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவருக்கு முறிந்த மட்டைகளாலேயே செய்த சாய்வாடும் நாற்காலி ஒன்றைப் பரிசளித்தது.

அடுத்து என்ன வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் அடிக்க முடியவில்லை. இதற்குக் காரணம் விலகல் மட்டுமே என்றால் அந்தப் பிடியைக் கற்றுக்கொண்டவர்கள் அனைவரும் ரிவேரா ஆகியிருக்க வேண்டும். 2008இல் பல அணிகளின் சிறந்த வீரர்கள் கூடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின்போது எதிரணியான டொராண்டோவின் ராய் ஹாலடே கேட்டதும் அவர் தன் விரல் வைப்பைக் காட்டிக்கொடுத்தார். அதற்காக யாங்கீஸ் சகாக்கள் விளையாட்டாக அவருக்கு அபராதமும் போட்டார்கள். ஹாலடேவுக்கு அது உதவியது. ஆனால் ஒரே பந்தை வைத்து 17 ஆண்டுகள் பிழைத்த இன்னொருவர் வரவில்லை. ரிவேரா அந்தப் பந்தை மட்டையாளரின் உடலோரத்துக்கும், வேண்டியபோது வெளி ஓரத்துக்கும், கோட்டின் மேல் வைப்பதுபோல் வைத்தார். 2008இல் 70⅔ இன்னிங்ஸில் 77 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர், நான்கு தவறான பந்துகள் எறிந்து இலவசமாகப் பேஸுக்கு அனுப்பியது 6 பேரை மட்டுமே. அப்போது அவருக்கு 38 வயது, வேகம் குறைந்துகொண்டிருந்தது. 1990இல் ரேபர்ன் பார்த்த அந்த மாறாத எறிதல்தான் இங்கே வேலை செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்று இரவுகள்

பருவ ஆட்டங்கள் முடிந்தபின் அக்டோபரில் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளில் ரிவேராவுக்கு 47 சேவ் வாய்ப்புகள் கிடைத்தன, 42இல் வென்றார். மீதி ஐந்தில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 1997 அக்டோபர் 5, கிளீவ்லாண்ட். யாங்கீஸ் 2-1 என்று முன்னிலை. இன்னும் 4 அவுட் எடுத்தால் அடுத்த சுற்று. 8ஆவது இன்னிங்ஸில் சாண்டி அலோமர் ஜூனியர், வெளியே உயரமாக வந்த பந்தை வலப்பக்கச் சுவருக்கு மேல் ஹோம் ரன்னாக அனுப்பினார். கேட்சர் கேட்ட இடத்திலிருந்து பெரிதாக விலகிய பந்து அல்ல அது. ஆட்டமும் பிறகு தொடரும் கையைவிட்டுப் போயின. 27 வயதில், முதல் ஆண்டு குளோசருக்கு இது நிரந்தர வடுவாகியிருக்கலாம். நடந்ததோ வேறு: அதன்பின் அக்டோபரில் தொடர்ந்து 23 சேவ் வாய்ப்புகளை அவர் தவறவிடவில்லை. 1998, 1999, 2000 ஆகிய மூன்று உலகத் தொடர்களிலும் கடைசி அவுட் எடுக்கப்பட்டபோது மேட்டில் நின்றவர் அவரே. 1999இல் தொடரின் மதிப்புமிக்க வீரர் விருதும் பெற்றார்.

இரண்டாவது 2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ். உலகத் தொடரின் 7ஆவது ஆட்டம். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், நியூயார்க் நகரமே இந்த அணியை வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தது. 2-1 முன்னிலையோடு 8ஆவது இன்னிங்ஸில் இறங்கிய ரிவேரா மூவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 9ஆவதில் அரிசோனாவின் மார்க் கிரேஸ் ஹிட் அடித்துப் பேஸ் ஏறினார். அடுத்து வந்த டேமியன் மில்லர் பந்தை மெல்லத் தட்டிவிட, ரிவேராவே ஓடி எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். அந்த எறி தவறியது. அடுத்தவரும் தட்டிவிட, அதை எடுத்து மூன்றாம் பேஸில் ஓர் அவுட் பெற்றார். டோனி வோமாக் வலப்புறம் அடித்த அடியில் ஆட்டம் சமமானது. கிரெய்க் கவுன்செல் உடலில் பந்து பட்டதால் பேஸ்கள் நிரம்பின. அதன்பின் லூயிஸ் கொன்சாலெஸ்.

வெற்றி ரன் மூன்றாம் பேஸில் நின்றதால், தரையோடு வரும் பந்தில் அந்த ஓட்டக்காரரைத் தடுக்க வேண்டுமென்று டோரே உள்வட்டத் தடுப்பாளர்களை முன்னே இழுத்திருந்தார். கட்டர் தன் வேலையைச் செய்தது: இடக்கை மட்டையாளரான கொன்சாலெஸின் கைப்பிடியோரம் பட்ட பந்து வலுவின்றி மேலெழுந்து, முன்னே நின்ற ஜீட்டரின் தலைக்கு மேலாகப் போய்ப் புல்லில் விழுந்தது. வழக்கமான இடத்தில் அவர் நின்றிருந்தால் எளிதாகப் பிடித்திருப்பார். 3-2, தொடர் அரிசோனாவுக்கு.

இந்த இன்னிங்ஸை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நன்றாக அடிபட்ட பந்து வோமாக்குடையது ஒன்று. ஆட்டத்தைத் திருப்பிய பெரும் பிழையோ, மட்டையாளருக்கு எறிந்த பந்தில் இல்லை. இரண்டாம் பேஸுக்கு எறிந்த பந்தில். ஷார்ட்ஸ்டாப்பாகத் தொடங்கி, கள வேலையில் பெருமை கொண்டிருந்த ஒருவர் அங்கே தவறினார் என்பது மனத்தை உறுத்துகிறது. டோரேயின் முடிவைக் குறைசொல்ல முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். ரன் மூன்றாம் பேஸில் இருக்க ஓர் அவுட் மட்டுமே விழுந்திருந்த நிலையில் பெரும்பாலான மேலாளர்கள் அதையேதான் செய்வார்கள்.

அந்தத் தோல்விக்கு ஒரு பின்கதை உண்டு. வெற்றி ஊர்வலம் இல்லாமற் போனதால் யாங்கீஸ் வீரர் என்ரிக்கே வில்சன் டொமினிக்கன் குடியரசுக்குத் தன் பயணத்தை முன்தள்ளி வைத்துக்கொண்டார். அவர் முதலில் ஏறவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம் நவம்பர் 12 அன்று நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் விழுந்து, அதில் இருந்த அனைவரும் இறந்தார்கள். தோற்றதற்காக மகிழ்கிறேன், நண்பர் உயிரோடு இருக்கிறார் என்ற பொருளில் ரிவேரா பின்னர் பேசினார். அவரைப் பொறுத்தவரை அது சமாதானப் பேச்சல்ல.

மூன்றாவது 2004 அக்டோபர் 17, பாஸ்டன். அந்தத் தொடர் தொடங்கும் முன் பனாமாவில் ரிவேராவின் வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் தாக்கி உறவினர் இருவர் இறந்திருந்தனர். அடக்கம் முடித்து அன்றே விமானமேறி வந்து முதல் ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக யாங்கீஸ் 3-0 என்று தொடரில் முன்னிலை. 4ஆவது ஆட்டத்தின் 9ஆவது இன்னிங்ஸ், 4-3. முதலில் வந்த கெவின் மில்லரை இலவசமாகப் பேஸுக்கு அனுப்பினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய இருவரை மட்டுமே அப்படி அனுப்பிவந்தவர் செய்த இந்தப் பிழைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். மில்லருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸை முதல் பேஸிலேயே கட்டிவைக்க மூன்று முறை அங்கே எறிந்தார். அப்படியும் அடுத்த பந்திலேயே ராபர்ட்ஸ், அடி எதுவும் இல்லாமலே ஓடி, இரண்டாம் பேஸைத் திருடினார். கேட்சர் ஜார்ஜ் போசாடாவின் எறியும் ஜீட்டரின் தொடுகையும் மயிரிழையில் தாமதித்தன. பில் மியூலர் நடுவே அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஓடி வர, ஆட்டம் சமமாகி, 12ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன்னில் முடிந்தது. பாஸ்டன் அடுத்த மூன்றையும் வென்று, 3-0 பின்தங்கிய நிலையிலிருந்து தொடரை வென்ற முதல் பேஸ்பால் அணியானது.

மியூலர் அதே ஆண்டு ஜூலையில் ரிவேராவின் பந்தில் ஹோம் ரன் அடித்து ஓர் ஆட்டத்தை முடித்தவர். பாஸ்டன் மட்டையாளர்கள் மற்ற எந்த அணியைவிடவும் அவரை அடிக்கடி பார்த்தார்கள். ஒரே பந்தை நம்பும் பந்தெறிவாளரின் பலவீனம் எங்கேயாவது இருக்குமென்றால், அது பழக்கத்தில்தான் இருக்க முடியும். ஆனாலும் அந்த இரவில் அவரைத் தோற்கடித்தது ஓர் இலவசப் பேஸ், ஒரு திருட்டு, தரையோடு போன ஒற்றை அடி. மூன்று இரவுகளையும் அடுக்கிவைத்துப் பார்த்தால், கட்டர் சிதறடிக்கப்பட்டதாக ஒன்றுகூடக் கிடையாது.

2005 பருவத்தின் தொடக்கத்தில் பாஸ்டன் மைதானத்தில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது எதிரணி ரசிகர்கள் கேலியாக ஆரவாரம் செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அந்த ஆண்டு அவர் ஈ.ஆர்.ஏ. 1.38.

எண்கள் எதைச் சொல்கின்றன

ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,115 ஆட்டங்கள், 652 சேவ்கள், 2.21 ஈ.ஆர்.ஏ. 2011 செப்டம்பர் 19 அன்று ட்ரெவர் ஹாஃப்மனின் 601ஐத் தாண்டியபின் அந்தச் சாதனை அவரிடமே இருக்கிறது. ஆனால் சேவ் கணக்கை அவருடைய மேன்மைக்கு முதன்மைச் சான்றாக நான் வைக்கமாட்டேன். 3 ரன் முன்னிலையோடு வந்து 3 அவுட் எடுப்பதும், பேஸ்கள் நிரம்பியிருக்க ஒரு ரன் முன்னிலையைக் காப்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். அதோடு, 80 முறை அவர் சேவைத் தவறவிட்டும் இருக்கிறார். உலகின் மிகச் சிறந்தவருக்கே ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று தவறும் வேலை இது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அக்டோபர் கணக்கு. 96 ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ். அதாவது ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரை இன்னிங்ஸ். டோரே அவரை அங்கே வெறும் 9ஆவது இன்னிங்ஸ் ஆளாக வைத்திருக்கவில்லை, 8ஆவதிலேயே இறக்கினார். 2003இல் பாஸ்டனுக்கு எதிரான 7ஆவது ஆட்டத்தில் மூன்று முழு இன்னிங்ஸ் எறியவைத்தார். ஏரன் பூன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்ததும் சகாக்கள் பூனை நோக்கி ஓட, ரிவேரா பந்தெறி மேட்டுக்கு ஓடி மண்டியிட்டார். மிகச் சிறந்த அணிகளின் மிகச் சிறந்த மட்டையாளர்களுக்கு எதிரான அந்த 141 இன்னிங்ஸில் அவர் கணக்கில் விழுந்த ரன்கள் 11, ஈ.ஆர்.ஏ. 0.70, ஹோம் ரன்கள் 2. நிலவில் நடந்தவர்கள் 12 பேர், அக்டோபரில் ரிவேராவின் கணக்கில் ரன் எடுத்தவர்கள் அதைவிடக் குறைவு என்று அமெரிக்க ரசிகர்கள் சொல்வதில் மிகையில்லை.

ஒரு மறுப்பையும் இங்கே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் தொழில் வாழ்க்கை முழுவதும் எறிந்தது 1,283⅔ இன்னிங்ஸ். ஒரு நல்ல ஸ்டார்ட்டர் ஆறு, ஏழு ஆண்டுகளில் எறிந்துவிடும் அளவு அது. குறைவாக எறிபவரை எப்படிப் பெரும் பந்தெறிவாளர்களோடு ஒப்பிடுவது என்ற கேள்வி நியாயமானது. மற்ற குளோசர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. ரிவேரா விஷயத்தில் 425 வாக்காளர்களும் அதை ஒதுக்கிவைத்ததற்குக் காரணம் 652 அல்ல, 0.70 என்றே நான் கருதுகிறேன்.

முழங்காலும் நடுக்களமும்

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் மட்டைப் பயிற்சி நடக்கும்போது, ரிவேரா வெளிக்களத்தில் ஓடி ஓடிப் பந்து பிடிப்பார். அது அவருக்கு உடற்பயிற்சி, மகிழ்ச்சி, சிறு வயது ஆசையின் மிச்சம். ஒரே ஓர் ஆட்டத்திலாவது நடுக்களத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொல்லிவந்த விருப்பம். 2012 மே 3 அன்று கன்சாஸ் சிட்டியில், அப்படி ஒரு பந்தைத் துரத்தியபோது வலது முழங்கால் மடங்கித் தசைநார் கிழிந்தது. அவருக்கு 42 வயது. பருவம் முடிந்தது, பெரும்பாலோர் அவர் வாழ்க்கையும் முடிந்ததென்று எழுதினார்கள். இப்படிப் போகமாட்டேன் என்று மறுநாளே அறிவித்து, அறுவை சிகிச்சைக்குப் பின் 2013இல் திரும்பினார். 43 வயதில் 44 சேவ்கள், 2.11 ஈ.ஆர்.ஏ.

அந்தக் கடைசிப் பருவத்தில், போன ஊரிலெல்லாம் மைதானப் பணியாளர்களையும் சீட்டு விற்பவர்களையும் நெடுநாள் ரசிகர்களையும் தனியே உட்காரவைத்துப் பேசி நன்றி சொன்னார். ஜூலை 16 அன்று ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 8ஆவது இன்னிங்ஸுக்கு அவர் மேட்டுக்கு வந்தபோது, மற்ற வீரர்கள் களமிறங்காமல் நின்றுகொண்டார்கள். வெறுமையான மைதானத்தில் தனியே நின்ற அவரைப் பார்த்து இரு அணிகளும் கைதட்டின. நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை மதித்து, இனி யாருக்கும் தருவதில்லை என்று எல்லா அணிகளும் 1997இல் ஓய்வு கொடுத்த 42ஆம் எண்ணை, அப்போதே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்ற விதிப்படி அணிந்துவந்தவர்களில் ரிவேராவே கடைசி. செப்டம்பர் 22 அன்று யாங்கீஸ் அந்த எண்ணை அவருக்காகவும் ஓய்வாக்கியது.

செப்டம்பர் 26 அன்று சொந்த மைதானத்தில், தாம்பா பே ரேஸுக்கு எதிராக, வந்த நான்கு மட்டையாளர்களையும் அவுட் ஆக்கினார். 9ஆவது இன்னிங்ஸில் இன்னும் ஓர் அவுட் பாக்கி இருக்கும்போது, அவரை வெளியே அழைக்க மேலாளர் ஜோ ஜிரார்டி வரவில்லை. ஆண்டி பெட்டிட்டும் ஜீட்டரும் வந்தார்கள். ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து நெடுநேரம் அழுதார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபின் தனியே மேட்டுக்குப் போய், கைப்பிடி மண் அள்ளிக்கொண்டு வந்தார்.

பருவத்தில் இன்னும் மூன்று ஆட்டங்கள் ஹூஸ்டனில் பாக்கி இருந்தன. நடுக்களத்தில் நிற்கும் வாய்ப்பைத் தர ஜிரார்டி ஆயத்தமாக இருந்தார். ரிவேரா வேண்டாமென்றார். அந்த மூன்று ஆட்டங்களிலும் அவர் பந்தும் எறியவில்லை.